ஓடிபி முதலாளி போனில், லாகின் எல்லார் கையிலும்: கணக்கு மென்பொருளுக்கு இப்படியா பூட்டுப் போடுவது?

மாதத்தின் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் நெருங்கும்போது தமிழ்நாட்டின் சிறு நிறுவனங்களில் ஒரே மாதிரியான உரையாடல் கேட்கும். ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் நாட்கள் அவை.

‘‘அண்ணே, ஓடிபி வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்க.’’

‘‘இரும்மா, வண்டி ஓட்டிட்டு இருக்கேன்.’’

‘‘சீக்கிரம்ணே, டைம் அவுட் ஆயிடும்.’’

திருப்பூர் பனியன் கம்பெனி, சிவகாசி அச்சகம், அம்பத்தூர் லேத் பட்டறை என எங்கே போனாலும் இதேதான். வீட்டில் அம்மாவிடம், ‘யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க’ என்று பத்து தடவை சொல்கிறோம். அலுவலகத்தில் ஓடிபியைப் போனில் வாசித்துக் காட்டுவதே தினசரி வேலையாக இருக்கிறது. அப்படிப் பழகிய ஒரு முதலாளியிடம் நாளைக்கு வேறு ஒரு குரல், ‘சார், ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பேசறேன், ஓடிபி சொல்லுங்க’ என்றால் அவர் யோசிப்பாரா? யோசிக்க மாட்டார். பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு பூட்டு போட்டுவிட்டோம் என்று நினைக்கிறோம். அந்தப் பூட்டின் சாவியை யார் கேட்டாலும் கொடுக்கும் பழக்கத்தையும் சேர்த்தே வளர்த்து வைத்திருக்கிறோம்.

ஆன்லைன் கணக்கு மென்பொருளுக்கு எம்எஃப்ஏ போடுவது எப்படி என்று விளக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. செட்டிங்ஸுக்குப் போ, க்யூஆர் கோடை ஸ்கேன் செய், ஆறு இலக்கம் போடு, முடிந்தது. ஐந்து நிமிட வேலை. என் வாதம், அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் எம்எஃப்ஏ வெறும் தொல்லையாகத்தான் இருக்கும் என்பது.

எம்எஃப்ஏ, சுருக்கமாக

நமக்கு இது புதிதே இல்லை. ஏடிஎம்மில் கார்டு வேண்டும், பின் நம்பரும் வேண்டும். கார்டு கையில் இருக்கும் பொருள். பின் மனதில் இருக்கும் ரகசியம். ஒன்று மட்டும் திருடு போனால் பணம் வராது. அதே கணக்குதான் இங்கேயும். பாஸ்வேர்டு தெரிந்தவர், குறிப்பிட்ட போனையும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கைரேகை, முகம் காட்ட வேண்டும். இரண்டு அடுக்கு என்றால் டூ ஃபேக்டர். இரண்டோ அதற்கு மேலோ என்றால் மல்ட்டி ஃபேக்டர், அதாவது எம்எஃப்ஏ.

இதில் கவனிக்க வேண்டிய வார்த்தை ‘கையில்’. உள்ளே நுழைகிறவர் கையில் இருக்க வேண்டிய போன், 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் பாக்கெட்டில் இருந்தால், அது இரண்டாவது அடுக்கே இல்லை. போனில் சொல்லப்படும் இரண்டாவது பாஸ்வேர்டு, அவ்வளவுதான்.

உள்ளே வந்தவர் என்ன செய்வார்?

‘நம்ம கணக்கைப் பார்த்து யாருக்கு என்ன லாபம்?’ என்று கேட்பவர்கள் அதிகம். பேங்க் லாகின் என்றால் பயப்படுகிறார்கள். கணக்கு மென்பொருள் என்றால் வரவு செலவு நோட்டுப் புத்தகம் மாதிரி நினைக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆன்லைன் கணக்கு மென்பொருளில் உங்கள் இன்வாய்ஸ் டெம்ப்ளேட் இருக்கிறது. அதன் கீழே உங்கள் வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் இருக்கின்றன. உள்ளே வந்தவர் எதையும் அழிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றிவிட்டால் போதும். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு பில்லும் உங்கள் லோகோவுடன், உங்கள் ஜிஎஸ்டி எண்ணுடன், உங்கள் மென்பொருளில் இருந்தே போகும். வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வர என்ன காரணம் இருக்கிறது? பணம் போய்ச் சேரவில்லை என்பது, நீங்கள் பாக்கி கேட்டுப் போன் செய்யும்போதுதான் தெரியும். முப்பது நாள், அறுபது நாள் கடன் கொடுக்கும் தொழிலில் அதற்குள் எத்தனை பில் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி எதிர்த்திசையில் இருக்கிறது. நூல் மில்லுக்கோ பேப்பர் டீலருக்கோ நீங்கள் பணம் அனுப்ப வேண்டும்; அந்த விற்பனையாளரின் வங்கி விவரத்தை உள்ளே மாற்றி வைத்துவிட்டால், உங்கள் அக்கவுன்டன்ட்டே தன் கையால் தவறான கணக்குக்கு அனுப்பிவிடுவார். ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியாக அனுப்பும் முன் பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொடுக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல வசதி. ஆனால் மாசக் கடைசியில் முப்பது பேமென்ட் போடுகிறவர் ஒவ்வொரு பெயரையும் பார்க்கிறாரா என்பது வேறு விஷயம்.

இதோடு முடியவில்லை. யார் எவ்வளவு பாக்கி, யார் எத்தனை நாள் தாமதம், யாருக்கு என்ன விலையில் கொடுக்கிறீர்கள் என்ற பட்டியல் முழுக்க அங்கே இருக்கிறது. சம்பளக் கணக்கும் அதிலேயே இருந்தால் ஊழியர்களின் பான் எண், வங்கிக் கணக்கு, சம்பளத் தொகை எல்லாம் சேர்ந்தே போகும். நோட்டுப் புத்தகம் என்று நினைத்தது உண்மையில் கம்பெனியின் பீரோ.

பாஸ்வேர்டு எப்படி வெளியே போகும்? பெரிய ஹேக்கர் யாரும் தேவையில்லை. கம்பெனி பெயருக்குப் பின்னால் ‘அட் 123’ என்று இருக்கும் பாஸ்வேர்டை யாரும் ஊகிக்கலாம். வேறு ஏதோ இணையதளத்தில் கசிந்த இமெயில், பாஸ்வேர்டு பட்டியலை எடுத்து, நூற்றுக்கணக்கான தளங்களில் இயந்திரமே போட்டுப் பார்க்கும். ‘நாம சின்ன கம்பெனி, நம்மள யாரு தேடி வரப் போறா’ என்பது அதனால்தான் பதிலாகாது. யாரும் தேடி வருவதில்லை. எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கிறார்கள், திறந்த கதவில் நுழைகிறார்கள். அப்புறம், வேலையை விட்டுப் போனவருக்கும் பாஸ்வேர்டு தெரியும் என்பதை ஏனோ எல்லோருமே மறந்துவிடுகிறோம்.

அரசு சரியாகத்தான் வடிவமைத்தது

இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் டூ ஃபேக்டர் கட்டாயம் படிப்படியாக வந்தது. ஆண்டு விற்றுமுதல் 20 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால் 2025 ஜனவரி 1 முதல், 5 கோடிக்கு மேல் என்றால் பிப்ரவரி 1 முதல், மற்ற எல்லோருக்கும் ஏப்ரல் 1 முதல். ஓடிபி பெற மூன்று வழிகள்: பதிவு செய்த எண்ணுக்கு எஸ்எம்எஸ், சந்தேஷ் செயலி, என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு செயலி. கடைசியாகச் சொன்ன ஷீல்டு செயலிக்கு இன்டர்நெட்கூட வேண்டாம். 30 விநாடிக்கு ஒரு முறை எண் மாறிக்கொண்டே இருக்கும். டவர் கிடைக்காத குடோனில் உட்கார்ந்து பில் போடுபவருக்கு இது பெரிய நிம்மதி.

பலரும் கவனிக்காத ஒரு வரி அந்த அறிவிப்பில் இருக்கிறது. ஒரே ஜிஎஸ்டி எண்ணின் கீழ் சப்-யூசர்களை உருவாக்கலாம். ஒவ்வொரு சப்-யூசருக்கும் அவரவர் பதிவு செய்த மொபைலுக்கே ஓடிபி போகும். அதாவது, ‘அண்ணே ஓடிபி சொல்லுங்க’ என்று யாரும் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லாமல்தான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். நாம்தான் சப்-யூசர் உருவாக்கச் சோம்பல்பட்டு, முதலாளி நம்பர் ஒன்றையே கொடுத்துவிட்டு, ‘கவர்மென்ட் உயிரை வாங்குது’ என்று திட்டிக்கொண்டு இருக்கிறோம்.

எடிட் லாக் யார் பெயரைச் சொல்லும்?

எனக்கு இந்த விஷயத்தில் அதிகம் உறுத்துவது இதுதான். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனி சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் எடிட் லாக் உள்ள கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த லாக்கை அணைத்து வைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். யார், எப்போது, எந்த வவுச்சரைத் திருத்தினார்கள் என்பது ஆதாரமாக நிற்கும்.

இப்போது ஒரு அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே லாகின். முதலாளி பயன்படுத்துகிறார், அவர் மகன் பயன்படுத்துகிறார், ஆடிட்டர் ஆபீஸ் பையன் பயன்படுத்துகிறார், பகல் முழுக்க சீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும் அக்கவுன்டன்ட் பயன்படுத்துகிறார். லாக்கில் எல்லாம் ‘அட்மின்’ என்றே பதிவாகிறது. ஒரு நாள் பணம் குறைகிறது. யாரைக் கேட்பார்கள்?

நாள் முழுக்க அந்த சீட்டில் இருந்தவரைத்தான். நம்மூரில் அந்த சீட்டில் பெரும்பாலும் பி.காம் முடித்த, சொற்ப சம்பளம் வாங்கும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ இருக்கிறார். ‘நான் செய்யல சார்’ என்று சொல்ல அவரிடம் எந்த ஆதாரமும் இருக்காது. தனி லாகினும் அதற்குத் தனி எம்எஃப்ஏவும் இருந்தால், அவர் செய்ததை அவர் செய்தார் என்று லாக் சொல்லும், செய்யாததையும் சொல்லும். எம்எஃப்ஏ என்றாலே முதலாளியின் பணத்துக்கான காவல் என்று பேசுகிறோம். ஊழியரின் பெயருக்கும் அதுவே காவல். அக்கவுன்ட்ஸ் வேலையில் புதிதாகச் சேரும் நண்பர்களுக்கு நான் சொல்வது: சேர்ந்த முதல் வாரமே உங்களுக்கெனத் தனி லாகின் கேளுங்கள். ‘என்னம்மா, நம்ம மேல நம்பிக்கை இல்லையா’ என்று கேட்டால், ‘ஆடிட்டுக்குத் தேவைப்படும் சார்’ என்று சொல்லுங்கள். பொய்யில்லை, உண்மையிலேயே தேவைப்படும்.

‘இன்னொரு யூசருக்குக் காசு கேட்கிறான்’

இந்த எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. பல மென்பொருள்களில் பயனர் எண்ணிக்கையை வைத்துத்தான் சந்தா. மூன்று பேருக்கு மூன்று லாகின் என்றால் சிறு நிறுவனம் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். லாகினைப் பகிர்வது பாதிச் சோம்பல் என்றால், மீதி பாதி இந்த விலைப்பட்டியல். பாதுகாப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக வலைப்பதிவு எழுதும் மென்பொருள் நிறுவனங்கள், இரண்டாவது ஆளைச் சேர்க்கும் இடத்திலேயே கட்டணப் பலகையை நட்டு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்க்க மட்டும் உரிமை உள்ள லாகினையாவது இலவசமாகக் கொடுக்கலாம். ஆடிட்டருக்கு என்று தனி இடம் கொடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. உங்கள் திட்டத்தில் அது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், பலர் இருப்பது தெரியாமலேயே பாஸ்வேர்டைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு நாட்டில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்பதும் சுவாரஸ்யம். ஆஸ்திரேலிய வரித்துறை, தன்னுடன் இணையும் மென்பொருள்களுக்கு எம்எஃப்ஏவைக் கட்டாயமாக்கியது. அங்கே ‘வேண்டுமானால் போட்டுக்கொள்’ என்ற பேச்சே இல்லை. சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து ஆஸ்திரேலிய நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் நம் பிள்ளைகள், காலையில் முதல் வேலையாகப் போனில் ஆறு இலக்கத்தைப் பார்ப்பது இதனால்தான்.

எஸ்எம்எஸ் போதுமா?

ஒன்றுமே இல்லாததற்கு எஸ்எம்எஸ் ஓடிபி எவ்வளவோ மேல். ஆனால் இருப்பதில் பலவீனமானதும் அதுதான். உங்கள் பெயரில் இன்னொருவர் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவருக்குப் போகும். சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்ய முடியாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் இருப்பதற்குக் காரணமே இந்த வகை மோசடிதான். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி அமைப்பு 2017-லேயே எஸ்எம்எஸ் வழியைக் கட்டுப்பாடுகளுடன் மட்டும் அனுமதிக்கும் பட்டியலில் வைத்துவிட்டது.

அதைவிட நல்லது அத்தென்டிகேட்டர் செயலி. கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோவின் ஒன்ஆத் என்று பல இருக்கின்றன. உள்ளே நடப்பது எளிது: க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சாவியையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்து, 30 விநாடிக்கு ஒரு முறை போனே ஆறு இலக்கத்தைக் கணக்கிடுகிறது. அதே கணக்கை சர்வரும் போட்டுப் பார்க்கிறது. அதனால் சிம்மும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். போனில் நேரம் ஓரிரு நிமிடம் தப்பாக இருந்தால் மட்டும் எண் ஒத்துப் போகாது. ‘சரியாத்தான் போடறேன், எடுக்க மாட்டேங்குது’ என்று புலம்புகிறவர்கள் தேதி, நேரம் தானாகவே அமையும்படி வைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

‘ஆமாம், நான்தான்’ என்று போனில் ஒரு பட்டனைத் தட்டும் முறையும் உண்டு. வசதியானது, ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஒருவர் நுழைந்தது இப்படித்தான்: ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு மீண்டும் மீண்டும் ‘அனுமதி’ கேட்டு அறிவிப்புகள் போயின, கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டார். கேட்காத நேரத்தில் வரும் அனுமதிக் கோரிக்கை என்றால், உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்று அர்த்தம். மறுத்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

போலித் தளத்தில் நீங்களே ஆறு இலக்கத்தையும் போட்டுவிட்டால் அத்தென்டிகேட்டர் செயலியும் காப்பாற்றாது. அதற்கு விடை பாஸ்கீ, அல்லது பென்டிரைவ் மாதிரி இருக்கும் செக்யூரிட்டி கீ. உண்மையான தளத்தில் மட்டும்தான் அது வேலை செய்யும். போலித் தளம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும் சாவி திரும்பாது. உங்கள் மென்பொருளில் அந்த வசதி இருந்தால், குறைந்தபட்சம் அட்மின் லாகினுக்காவது அதையே வையுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது?

கணக்கு மென்பொருளில் இல்லை, இமெயிலில். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் லிங்க் வருவது அந்த இமெயிலுக்குத்தானே? மெயில் திறந்திருந்தால் மற்ற பூட்டுகள் பலவும் வலுவிழந்துவிடும். அதனால் முதலில் அதற்கு எம்எஃப்ஏ. பிறகு முதலாளியின் அட்மின் லாகின். அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் தனி யூசர். பில் போடுபவருக்கு பில் போடும் உரிமை மட்டும், ஆடிட்டருக்குப் பார்க்கும் உரிமை. நிர்வாகப் பகுதியில் எல்லா யூசருக்கும் எம்எஃப்ஏவைக் கட்டாயமாக்கும் வசதி இருந்தால் அதையும் ஆன் செய்துவிடுங்கள்; ‘அப்புறம் போட்டுக்கறேன்’ என்கிறவர்கள் போடவே மாட்டார்கள்.

செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதிக்குள் க்யூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்து, எண்ணைப் போட்டு உறுதி செய்த பிறகு ரெகவரி கோடுகளைத் தருவார்கள். எல்லோரும் ‘நெக்ஸ்ட்’ அழுத்திக் கடந்துபோகும் இடம் இதுதான். தயவுசெய்து நில்லுங்கள். அதைப் பேப்பரில் பிரின்ட் எடுத்து, செக் புக் வைக்கும் இடத்தில் வையுங்கள். அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில் பலன் இல்லை. போன் தொலைந்தால் அதுவும் சேர்ந்தேதான் தொலையும். பழைய போனை எக்ஸ்சேஞ்ச்சில் கொடுக்கும் முன், புதிய போனில் கோடு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். அட்மின் உரிமை இரண்டு பேருக்கு இருக்கட்டும். ஒருவர் போன் கெட்டால் இன்னொருவர் திறந்துவிடலாம்.

‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பு’ என்ற டிக் பாக்ஸை அலுவலகக் கணினியில் போடலாம். பலர் வந்துபோகும் பிரவுசிங் சென்டரிலோ, எல்லோரும் ஒரே விண்டோஸ் யூசரில் உட்காரும் கணினியிலோ போடக் கூடாது.

டேலி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. மென்பொருள் உங்கள் கணினியிலேயே இருந்தால் பிரச்சினை வேறு. ஆனால் ‘டேலி ஆன் க்ளவுட்’ என்று வெளியாட்கள் சிலர் விற்பது, வேறொரு சர்வரில் டேலியைப் போட்டு ரிமோட் டெஸ்க்டாப் வழியாகத் திறந்துவிடுவது. அந்த ரிமோட் லாகினுக்கு எம்எஃப்ஏ இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். வெறும் யூசர் நேம், பாஸ்வேர்டுதான் என்று பதில் வந்தால், நான் அந்தச் சேவையை எடுக்க மாட்டேன்.

ஊழியரின் சொந்தப் போனில் செயலி போடச் சொல்வது பற்றியும் பேசியாக வேண்டும். போன் அவருடையது, டேட்டா அவருடையது, தொலைந்தால் கெட்ட பெயரும் அவருக்கு. கம்பெனியின் பீரோ சாவியை ஊழியர் காசில் செய்யச் சொல்வோமா? விருப்பம் இல்லாதவருக்குக் கம்பெனி செலவில் செக்யூரிட்டி கீ வாங்கித் தரலாம். அல்லது அலுவலகக் கணினியிலேயே பாஸ்கீ வைக்கலாம்.

எல்லாம் செய்தும் பணம் போய்விட்டால், முதலில் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. பிறகு வங்கி, அதன் பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளம்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கணக்கு மென்பொருளில் யூசர் பட்டியலை ஒரு தடவை திறந்து பாருங்கள். கூடவே இ-வே பில் தளத்தில் சப்-யூசர் பட்டியலையும். போன வருஷமே வேலையை விட்டுப் போனவர் பெயர் இன்னும் அங்கே இருந்தால், க்யூஆர் கோடு ஸ்கேன் செய்வதற்கு முன்னால் அதை எடுத்துவிடுங்கள்.